இராப்போசனம் காலை பத்து மணிக்கு

தம்பி, போன செவ்வாய்க்கிழமை போனில் நீ மூன்று வழி சொன்னாய். கல்யாணத்துக்கு முன்னம் நீ ஞானஸ்நானம் எடுக்கலாம். எடுத்தால் கல்யாண ஆராதனையில் ஜெனியும் நீயும் சேர்ந்து அந்த அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கலாம். இல்லையென்றால் ஜெனி மட்டும் வாங்க, நீ பக்கத்தில் சும்மா நிற்கலாம். இரண்டும் சரிவராது என்றால் அந்தப் பகுதியையே கல்யாணத்திலிருந்து எடுத்துவிடலாம், பாஸ்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். "அம்மா, உங்களுக்கு எது ஓகே?" என்று கேட்டுவிட்டு, வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாய். ஒரு சைவக்காரியிடம், அதுவும் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாத ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கேட்டுவிட்டாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். பேரைப் போடாமல் நம்முடைய சங்கத்து மலருக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். இங்கே சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் மட்டும் இதே கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மூன்று தாய்மார் திரிகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசி முடித்த பிறகு முதல் தடவையாக மெல்பனுக்கு, டார்னெய்ட்டில் உன்னிடம் வந்திருந்தேன். ஜெனியின் அம்மா வாட்ஸப்பில் அனுப்பினார்: "வரும் ஞாயிறு எங்கள் சபையில் கர்த்தருடைய இராப்போசனம். நீங்களும் கட்டாயம் வரணும்." வாசித்தேன். இரா என்றால் இரவு, போசனம் என்றால் சாப்பாடு. நாகர்கோவில் ஆட்கள் வடிவான தமிழில் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தமிழில் எழுதியதை எனக்கு இன்னொருவர் விளக்க வேண்டுமா என்ற எடுப்பு, கேட்கவில்லை. நீ அன்றைக்குக் காலையிலேயே ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாய். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்று, உன்னுடைய அந்தச் சின்னக் குசினியில் நின்று நாற்பது பேருக்கு இடியப்பம் அவித்தேன். சொதி வைத்தேன், சம்பல் இடித்தேன். பட்டுச்சேலை உடுத்தி, இரண்டு பெரிய சட்டிகளோடு ஊபரில் ஏறி, பின்னேரம் ஆறு மணிக்கு அவர்கள் சபை கூடுகிற பள்ளிக்கூட மண்டபத்தில் போய் இறங்கினேன். கதவு பூட்டிக் கிடந்தது. மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், அவர்கள் மத்தியானமே போய்விட்டார்களே என்றார்.

போன் எடுத்தேன். ஜெனியின் அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "காலைல முன் வரிசையில ரெண்டு நாற்காலி பிடிச்சு வச்சிருந்தோம். நீங்க வரலன்னதும் உங்களுக்குப் பிரியமில்லையோன்னு நெனச்சிட்டோம்" என்றார். நான் எங்கே நிற்கிறேன், கையில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். ஐந்து நிமிடத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தியவர், என்னையும் சட்டியையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அவர்கள் வீட்டில் எல்லோருமாக இருந்து அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம். காரில் வரும்போதே அவரிடம் கேட்டேன், ஏன் அந்தப் பெயர் என்று. சிலுவையில் அறைவதற்கு முதல்நாள் இரவு இயேசு தன் சீடர்களோடு இருந்து சாப்பிட்ட சாப்பாடாம் அது. "அப்ப ஏன் காலமை பத்து மணிக்கு வைக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் சிக்னலில் நின்று யோசித்தார். "அது... எல்லாருக்கும் வசதிங்க" என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அங்கிருந்துதான் எனக்கு இந்த விடுப்பு, எல்லாவற்றையும் துருவிக் கேட்கிற ஆசை, பிடித்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நேரத்துக்குப் போனோம், நீ, நான், ஜெனி. அவர்களுக்கு மாதத்தில் முதல் ஞாயிறுதான் இது என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டேன். முன்னால் ஒரு மேசை, வெள்ளைத் துணி. தட்டில், கடையில் வாங்கிய சாண்ட்விச் பாணைக் கரை வெட்டிச் சின்னச் சதுரமாக்கி வைத்திருந்தார்கள். இன்னொரு தட்டில் நாங்கள் முதியோர் இல்லத்தில் மருந்து கொடுக்கிற கப் அளவில் சின்னக் கப்புகள், உள்ளே திராட்சைச் சாறு. பாஸ்டர் சொன்னார், ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்துவிட்டுப் பங்குபெறலாம், மற்றவர்கள் தயவுசெய்து தட்டை அடுத்தவருக்குக் கொடுக்கவும் என்று. தட்டு ஜெனியிடம் வந்தது, எடுத்தாள். உன்னிடம் வந்தது, என்னிடம் தந்தாய். நான் வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கி, அதில் ஒன்றும் எடுக்காமல் நகர்த்துகிற வேலையை நான் என் வாழ்நாளில் அதற்கு முதல் செய்ததில்லை. ஜெனியை அங்கே விட்டுவிட்டு நீயும் நானும் காரில் ஏறியதும் வெடித்தேன். "கூப்பிட்டுப்போட்டு இலை போடாமல் விடுறதோ? நான் போகட்டும், நீ அந்த வீட்டு மாப்பிள்ளை. கலியாணத்திலயும் உன்னை இப்பிடித்தான் பார்க்க விட்டிட்டுத் தின்னப் போகினமோ?" என்று கத்தினேன். "அம்மா, இட்ஸ் நாட் லைக் தாட்" என்றாய். பிறகு ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு விமான நிலையம்வரை காரை ஓட்டினாய்.

சிட்னிக்குத் திரும்பி இரண்டு நாளில் கோபம் ஆறிவிட்டது. என் கோபம் அவ்வளவுதான், உனக்குத் தெரியும். கேள்வி மட்டும் ஆறவில்லை. யார் எதைச் சாப்பிடலாம், யார் சாப்பிடக் கூடாது என்பதுதானே என்னுடைய வேலை. பதினெட்டு வருடமாக முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே தொங்குகிற அட்டையைப் பார்த்துத்தான் தட்டை வைக்கிறேன். இவருக்கு அரைத்தது, அவருக்குச் சீனி இல்லாதது, மற்றவருக்குத் தண்ணீரையும் கட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அந்த அட்டைக்குக் காரணம் இருக்கிறது. பாஸ்டரின் அட்டைக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எங்கள் இல்லத்துக்குப் புதன்கிழமைகளில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் வருவார். வியட்நாம்காரர், மெலிந்த மனிதர். இத்தனை வருடமும் ஆட்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் அவர் முன்னால் விட்டுவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். இப்போது நின்று பார்த்தேன். முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். அவர்களுக்கு இது மாதம் ஒருக்கால் இல்லையாம், கோயிலில் ஒவ்வொரு நாளும் உண்டாம். ஆனால் கத்தோலிக்கர்களுக்குத்தானாம், அவர்களும் மனதில் பெரிய பாவம் ஏதும் கிடந்தால் முதலில் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வரலாமாம். மற்றவர்கள் கையை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு வந்தால் ஆசீர்வாதம் கொடுப்பாராம். "மிஞ்சினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். குசினிக்காரியின் கேள்வி. அதைச் சின்ன அலுமாரி ஒன்றில் வைத்துப் பூட்டுவோம், முன்னால் அணையாமல் ஒரு விளக்கு எரியும் என்றார். விளக்கு என்றதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. நம்முடைய மூலஸ்தானத்துக்குள் நாங்களும்தானே நினைத்தபடி போய்வருவதில்லை.

வெள்ளிக்கிழமை வேறொரு சபையிலிருந்து ஒரு பெண் போதகர் வருவார். அவர் கை நீட்டுகிற எல்லோருக்கும் கொடுக்கிறார். யார் எவர் என்று கேட்பதில்லை. மிஞ்சியதைத் தோட்டத்தில் பறவைகளுக்குப் போடுவாராம். ஏன் ஒருவரையும் தடுப்பதில்லை என்று கேட்டதற்கு, "இது என்னுடைய மேசை இல்லையே" என்றார். என்னோடு வேலை செய்கிற சமோவாக்காரி சொன்னாள், அவர்கள் அந்த ஞாயிறு வெள்ளை உடுப்புத்தான் போடுவார்களாம். கொரியாக்காரி சொன்னாள், அவர்கள் சபையில் வருடத்துக்கு நாலு தடவைதானாம், அதற்கு முதல் ஒரு கிழமை முழுக்க ஆயத்தமாம், யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் போய்ச் சமாதானம் பண்ணிவிட்டு வர வேண்டுமாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சபையும் இருக்கிறது, பதினாலு பதினைந்து வயதுவரை காத்திருக்க வைக்கிற சபையும் இருக்கிறது. ஒரே பாண்தான், தம்பி. கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு சாப்பாட்டைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு காலமாக இப்படி மண்டையை உடைத்திருக்கிறார்கள் என்றால், அது வெறும் பாண் இல்லை என்று மட்டும் விளங்கியது.

ரோசா என்று ஓர் இத்தாலிய அம்மா எங்கள் பகுதியில் இருக்கிறார். வயிற்றுக் குழாயால்தான் சாப்பாடு. வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று அட்டை. ஒரு புதன்கிழமை பாதிரியார் அவர் கட்டிலடிக்கு வந்ததும் ரோசா வாயைத் திறந்தார். நான் குறுக்கே போய், "ஃபாதர், கொடுக்க முடியாது" என்றேன். தெரியும் என்று தலையசைத்தார். அந்த அப்பத்தை ரோசாவின் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஏதோ செபித்தார். ரோசா வாயை மூடிக்கொண்டார், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, முகம் அமைதியாகிவிட்டது. வெளியே வந்து கேட்டேன், இப்போது அவருக்குக் கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று. "ஆசைப்பட்டாரே, கிடைத்தது" என்றார். நான் விடவில்லை. என் மகன் ஒருவன் மெல்பனில் இருக்கிறான், தட்டு அவனைத் தாண்டிப் போகிறது, அவனுக்கும் ஆசை இருந்தால் கிடைத்த மாதிரியா என்றேன். அவர் நடைபாதையில் நின்று என் பக்கம் திரும்பினார். "அவருக்கு ஆசை இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். "அப்படியென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்" என்றார்.

இதற்கிடையில் ஜெனியின் அம்மாவுக்குக் கிழமைக்கு ஒரு கேள்வியாவது போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், மனிசி ஒருநாளும் சலிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லும். ஒருநாள் அந்தச் சின்னக் கப்பைப் பற்றிக் கேட்டேன். பாதிரியாரிடம் ஒரே கிண்ணம்தான் இருக்கிறது, உங்களிடம் மட்டும் ஏன் ஆளுக்கொன்று என்று. "எங்க தாத்தா காலத்துல எங்க ஊர்லயும் ஒரே கிண்ணந்தாங்க. அப்புறமா சின்னக் கப்பா மாத்திட்டாங்க. கிருமி பயம்னு சொல்லுவாங்க" என்றார். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "எங்க ஊர்ல அது கிருமி பயம் இல்லைங்க. யாரு வாய் வச்ச கிண்ணத்துல யாரு வாய் வைக்கிறதுங்கிறதுதான்." நான் ஏதோ சாட்டுச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று உனக்குத் தெரியும். நீயும் அன்றைக்கு அங்கே இருந்தாய். குளியலறைக்கு டைல்ஸ் மாற்றிய வருடம், நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வருடச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். ஒருவர் லெபனான்காரர். மற்றவர் குணம், படகில் வந்து தற்காலிக விசாவில் இருந்தவர், நம்முடைய ஊர்ப் பக்கத்து ஆள். "ஊரிலை எவடம்?" என்று கேட்டேன். சொன்னார். "அங்கை எந்தக் கோயிலடி?" என்று கேட்டேன். அதையும் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. இந்தக் கேள்விகள் ஊர் விசாரிக்கிற கேள்விகள் இல்லை, சாதி விசாரிக்கிற கேள்விகள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. பத்து மணிக்குத் தேத்தண்ணி போட்டேன். லெபனான்காரருக்குப் பீங்கான் கப்பில் கொடுத்தேன். குணத்துக்கு, உன்னுடைய பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியிருந்த கடதாசிக் கப்பில் கொடுத்தேன். நீ புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "மம், வீ ஹாவ் மக்ஸ்" என்றாய். கழுவ நேரமில்லை என்று சொன்னேன்.

அவர் குடித்து முடித்து, அந்தக் கப்பை மடித்துத் தன்னுடைய காற்சட்டைப் பைக்குள் வைத்தார். என்னுடைய குப்பைத்தொட்டியில்கூடப் போடவில்லை. அடுத்த நாள் தேத்தண்ணி கொண்டுபோனபோது, "வேண்டாம் அக்கா, நான் பிளாஸ்கிலை கொண்டு வந்தனான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வேலை முடியும்வரை பிளாஸ்க்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு தேர்த்திருவிழா அன்னதானத்தில் எதிர்ப்பட்டார். "சுகமோ அக்கா?" என்றார். "ஓம்" என்று சொல்லிவிட்டு வரிசையை மாற்றிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. பாஸ்டர் காரணத்தை வாய்திறந்து எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் தட்டை நகர்த்தச் சொன்னார். தண்ணீருக்குள் இறங்கினால் யாரும் வரலாம் என்கிறார். குணம் எந்தத் தண்ணீருக்குள் இறங்கினால் என்னுடைய பீங்கான் கப் கிடைத்திருக்கும்? எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதை வெட்டாமல் அப்படியே மலருக்கும் கொடுக்கிறேன்.

இப்போது உன் மூன்று வழிக்கு வருகிறேன். மூன்றாவது வழி வேண்டாம். எனக்கும் என்னோடு வருகிற நம்முடைய சொந்தக்காரருக்கும் சங்கடமாக இருக்கும் என்று அந்தப் பிள்ளையின் கல்யாணத்திலிருந்து அதை எடுக்காதே. நாங்கள் ஒன்றும் பாலர் இல்லை, கதிரையில் பேசாமல் இருப்போம். இரண்டாவது வழி உன்னுடையதும் ஜெனியினுடையதும், அதில் எனக்குக் கதையில்லை. முதலாவது வழியைப் பற்றி, போட்டோவுக்காகவும் உன் மாமனாருக்காகவும் தண்ணீருக்குள் முங்கி எழும்பாதே என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். முந்தாநாள் இரண்டு பக்கம் அப்படி எழுதியும் விட்டேன். நேற்றுக் காலையில் வாசித்துப் பார்த்தேன், முழுப் பொய். கிழித்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த ஞாயிறு நான் ஒன்றைப் பார்த்தேன், உன்னிடம் சொல்லவில்லை. தட்டு உன்னிடம் வந்தபோது இடது கையால் வாங்கினாய். வலது கை மடியிலிருந்து எழும்பியது, ஒரு விரற்கடைதான் இருக்கும். பிறகு நீ என்னைப் பார்த்தாய். கை திரும்பிப் போய்விட்டது. பதினெட்டு வருடம் ஆட்களுக்குச் சாப்பாடு ஊட்டியிருக்கிறேன், தம்பி. வேண்டாம் என்கிற கையையும் வேண்டும் என்கிற கையையும் எனக்கு வித்தியாசம் தெரியும். பாஸ்டர் அவ்வளவு நேரம் சொன்ன விதியை நீ அந்த நேரம் நினைக்கவேயில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. என்னைத்தான் பார்த்தாய். உன்னை மறித்தது நான். அது எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் காரில் அவ்வளவு கத்தினேன். அந்தப் பாதிரியாரிடம் தெரியாது என்று சொன்னதும் பொய்தான்.

எனக்குப் பயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நீ அந்தப் பக்கம் போய்விட்டால் அப்பாவின் திவசத்தை யார் செய்வது? நாளைக்கு எனக்குக் கொள்ளி வைப்பாயா? இதை உன்னிடம் நேரே கேட்கத் தைரியமில்லாமல் பாணையும் திராட்சைச் சாற்றையும் பற்றி ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அந்தப் பயம் என்னுடையது. அதை உன் கட்டிலுக்கு மேலே அட்டையாக எழுதித் தொங்கவிட மாட்டேன். உனக்கு உண்மையாகவே அது வேண்டுமென்றால், கல்யாணத்துக்காக இல்லாமல், ஜெனிக்காகவும் இல்லாமல், உனக்காக வேண்டுமென்றால், போய் எடு. என் முகத்தைப் பார்க்காதே. நான் அழுவேன், அதையும் பார்க்காதே.

நேற்று ஜெனியின் அம்மாவிடம் இன்னொரு கேள்வி கேட்டேன், ஞானஸ்நானம் எப்படி நடக்கும் என்று. பாஸ்டர் பிடித்து முக்கி எடுப்பாராம். ஏறி வருகிறவர் நனைந்து நடுங்கிக்கொண்டு வருவாராம், துவாயோடு ஒருவர் படியடியில் நிற்க வேண்டுமாம். "அதுக்கும் ஞானஸ்நானம் எடுத்த ஆள்தான் நிக்கவேணுமோ?" என்று கேட்டேன். "டவல் பிடிக்கிறதுக்கு ரூல் எதுவும் இல்லைங்க" என்றார், அழுதுகொண்டுதான் சொன்னார். பெரிய துவாயாகப் பார்த்து ஒன்று வாங்கியிருக்கிறேன். புதுத் துவாய் தண்ணீர் இழுக்காது என்று இரண்டு தரம் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன். எந்த நாள் என்று சொல், கொண்டு வாறன்.

அம்மா